கண்விழித்தால் போதுமா?

கத்திரி வெயில் நாள்களில் எங்கள் வார்டில் ஆண்டுதோறும் ஒரு வாக்குவாதம் நிகழும். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலோ பெரம்பலூர்ப் பக்கத்து வயல்வெளியிலோ மயங்கி விழுந்தவர் மறுநாள் காலை கண்விழித்துப் பேசுவார். உடனே உறவினர், “தெளிந்துவிட்டாரே, அழைத்துச் செல்கிறோம்” என்பர். கூலி இழப்பு அவர்களைத் துரத்துவதை அறிவேன். ஆயினும் ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பத்தாக்குக்கு உள்ளானவர் இரண்டு மூன்று நாள்களேனும் இங்கே தங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

காரணம் நொதிகளில் உள்ளது. நம் உடலின் நொதிகள் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸில் செவ்வனே இயங்குபவை. சூடு சற்றுக் கூடினால் அவை முதலில் வேகமெடுக்கும்; உடலின் ஆக்சிஜன் தேவையும் உயரும். உடலின் உள்வெப்பம் 40 பாகையைக் கடந்து நெடுநேரம் நீடித்தால், செல்களின் உறையும் புரதங்களும் கட்டுக்குலையத் தொடங்கும். எவ்வளவு சூடு என்பதைப் போலவே, எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். ஆகவே நீர் ஊற்றி, விசிறி, உடலைக் குளிர்விக்கும் பணி விழுந்த இடத்திலேயே தொடங்க வேண்டும். பாராசிட்டமால் இங்கே பயன்படாது; கிருமியால் வரும் காய்ச்சல் வேறு, இது வேறு.

சிதைந்த தசையிலிருந்து கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதியும், கல்லீரலிலிருந்து எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. நொதிகளும் இரத்தத்தில் கசிகின்றன. “நொதி கூடியிருக்கிறதே, நல்லதுதானே ஐயா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். குடத்தில் இருக்க வேண்டிய நீர் தரையில் நிற்பது போன்றது அது என்றேன். இக்கசிவு முதல் நாளில் குறைவாகவே தெரியலாம். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்தை எட்டும். தசையிலிருந்து வெளிப்படும் மயோகுளோபின் சிறுநீரைக் கடுந்தேநீர் நிறமாக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும். அந்நிலையில் உடல்வலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரை பாதிப்பை மேலும் வளர்க்கும். எஸ்.ஜி.ஓ.டி. எண்ணைக் கண்டு மஞ்சள்காமாலை என்றெண்ணிக் கீழாநெல்லி தேடிச் செல்வோரும் உண்டு.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவித்தது. வரவேற்கிறேன். பிழைத்து எழுபவரின் மூன்று நாள் கூலியை, வேலைக்கு அழைத்தவரே ஏற்பதுதான் முறை என்று கருதுகிறேன். அதற்கு மருத்துவச் சான்று வேண்டுமெனில் தயங்காமல் கேளுங்கள், எழுதித் தருகிறேன்.