மேலிருந்து பார்ப்பது யார்?

தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையின் மேல்தளத்தில் ஏறினால் கடல் நன்றாகத் தெரியும். ஆனால் பின்னால் விரியும் டெல்டாவைப் பார்க்க அந்த உயரம் போதாது. மேடு பள்ளமற்ற பூமி. எந்த வாய்க்கால் எங்கே உடைத்துக்கொண்டது என்பது பக்கத்து ஊருக்கே தாமதமாகத்தான் தெரியவரும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது இந்தக் கரையின் மேலே எந்தத் தொலைக்காட்சியின் ஹெலிகாப்டரும் இல்லை. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். அந்தச் சேதத்தின் முழு அளவு துண்டு துண்டாகவே வெளியுலகை எட்டியது.

2011 மார்ச் 11-இல் ஜப்பானில் நடந்தது வேறு. அந்நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் ஹெலிகாப்டர், நதோரி நகரின் வயல்களில் கறுப்பு அலை ஏறி வருவதை நேரலையில் காட்டியது. அதுவும் நம் ஊரைப் போலச் சமவெளி நெல் வயல்தான். உலகம் சுனாமியின் வேகத்தைப் புரிந்துகொண்டது அந்தப் படத்தால்தான் என்பேன்.

ஹெலிகாப்டரிலிருந்து செய்தி காட்டும் இந்த மரபின் தொடக்கம் லாஸ் ஏஞ்சல்ஸ். 1958-இல் கே.டி.எல்.ஏ. தொலைக்காட்சி நிலையத்தின் பொறியாளர் ஜான் சில்வா, கேமராவையும் ஒளிபரப்புக் கருவியையும் ஒரு சிறிய ஹெலிகாப்டரில் ஏற்றினார். 1963-இல் பால்ட்வின் ஹில்ஸ் அணை உடைந்ததை மக்கள் வீட்டிலிருந்தே பார்த்தனர். பின்னாளில் அதே கருவி கார் துரத்தல்களுக்குப் பின்னால் அலையும் வேடிக்கையாகவும் சரிந்தது. 2007-இல் ஃபீனிக்ஸில் அப்படியொரு துரத்தலைப் படம்பிடித்த இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதி நால்வர் இறந்தனர். இன்று நம் சேனல்கள் ட்ரோன் வாங்கிவிட்டன. செலவு குறைவு, உயிர் ஆபத்தும் இல்லை. ஆனால் அந்த ஹெலிகாப்டர் குழுக்களின் உண்மையான சொத்து உயரமல்ல. கீழே விரிவது எந்த ஊர், தண்ணீர் அடுத்து எங்கே பாயும் என்று பார்த்த நொடியில் சொல்லும் ஆள்தான். நம் ட்ரோன் படங்களில் பின்னணி இசை இருக்கிறது, அந்த ஆள் இல்லை.

நம் வானம் பெரும்பாலும் அரசின் வானம். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஹெலிகாப்டரில் சேதம் பார்க்கக் கிளம்பினார். மோசமான வானிலையால் திருவாரூர், நாகை பயணம் பாதியில் ரத்தானது. தரைவழியே வராததை எதிர்க்கட்சிகள் குறை கூறின. என் குறை வேறு: மேலிருந்து பார்த்ததை மக்களும் முழுதாகப் பார்த்தார்களா?

நேரலைக்கு எல்லை வேண்டும்தான். 2008 மும்பைத் தாக்குதலில் கமாண்டோக்கள் கயிற்றில் இறங்கியதைக் காட்டியது பெரும் தவறு. பயிர்ச்சேதத்தில் அப்படி மறைக்க என்ன இருக்கிறது? அடுத்த பருவமழைக்கு முன் தமிழ்ச் சேனல்கள் செலவைப் பகிர்ந்து, டெல்டாவை அறிந்த செய்தியாளர்களுடன் ஒரு பொது வான்படக் குழுவை அமைக்கட்டும். அரசும் தன் வான்வழி ஆய்வுப் பதிவுகளை வெட்டாமல், அன்றைக்கே வெளியிடட்டும்.