குழலில் செருகிய செங்காந்தள்

செப்டம்பர் 3-ம் தேதி காலை. குடகு மலையில் மழை இன்னும் முழுசாக விட்டிருக்காது. நாற்று நடவு முடிந்து, பள்ளத்து வயல்கள் பச்சை பிடித்திருக்கும். கொடவர் வீடுகளில் அன்றைக்குக் கொண்டாட்டம். பண்டிகையின் பெயர் கைல்போத். 'கைல்' என்றால் ஆயுதம்.

தமிழ்நாட்டில் ஆயுத பூஜை அன்று அரிவாள்மனைக்கும் தையல் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். குடகில் அந்த மரியாதை துப்பாக்கிக்கு. குழலைத் துடைத்து, எண்ணெய் போட்டு, விளக்குக்கு முன்னால் வரிசையாகச் சாத்தி வைப்பார்கள். பக்கத்தில் ஒடிகத்தி, பீச்சேகத்தி என்று குடும்பத்தின் பழைய கத்திகள். எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. கடைசியாக, துப்பாக்கிக் குழலின் வாயில் ஒரு பூவைச் செருகுவார்கள். தீச்சுடர் மாதிரி, சிவப்பும் மஞ்சளுமாக வளைந்த இதழ்கள் கொண்ட பூ.

அதை அவர்கள் 'தோக் பூ' என்கிறார்கள். தோக் என்றால் துப்பாக்கி. ஆக, அது துப்பாக்கிப் பூ.

தமிழர்களுக்கு அந்தப் பூ அந்நியம் இல்லை. வேலியோரம் படர்ந்து கிடக்கும் செங்காந்தள்தான் அது. கார்த்திகைப் பூ என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டின் மாநில மலரே அதுதான்!

லைசென்ஸ் கேட்காத ஊர்

இந்தியாவில் ஒருவர் துப்பாக்கி வாங்குவது லேசான காரியம் இல்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். ஏன் வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். அதிகாரி திருப்தி அடைந்தால்தான் கையெழுத்து. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2 ஆகக் குறைத்தார்கள்.

கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் மட்டும் கதை வேறு. அங்கே கொடவர் இனத்தில் பிறந்தவருக்கு இந்த லைசென்ஸ் தேவையில்லை. கொடவர் அல்லாதவராக இருந்தாலும், 'ஜம்மா' நிலம் வைத்திருப்பவர் என்றால் அவருக்கும் தேவையில்லை. ஜம்மா என்பது பரம்பரை நிலம். ராஜாவுக்குப் படைச் சேவை செய்ததற்குப் பதிலாகக் குறைந்த வரியில் கிடைத்தது.

இந்தச் சலுகைக்கு வயது 160 வருஷத்துக்கு மேல். 1834-ல் குடகு ராஜ்ஜியத்தைப் பிரிட்டிஷார் எடுத்துக்கொண்டார்கள். 1857-ல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும், இந்தியர் கையில் இனி ஆயுதமே இருக்கக் கூடாது என்று பறிமுதல் சட்டம் கொண்டுவந்தார்கள். அப்போது மைசூருக்கும் குடகுக்கும் கமிஷனராக இருந்தவர் மார்க் கப்பன். பெங்களூரு கப்பன் பார்க் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1861-ல் அவர் போட்ட உத்தரவு ஒன்று, கொடவர்களை மட்டும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கியது. அவர்களுடைய வீரமும் விசுவாசமும்தான் காரணம் என்றது உத்தரவு. வெள்ளைக்காரர்களுக்குத் தேவைப்பட்ட விசுவாசம் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

சுதந்திரம் வந்த பிறகும் விலக்கு போகவில்லை. கொடவ மொழி பேசுகிறவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்தான். அந்தச் சின்ன சமூகத்திலிருந்துதான் இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா வந்தார். 1957-லிருந்து 1961 வரை ராணுவத் தளபதியாக இருந்த திம்மய்யாவும் குடகுக்காரர்தான். இன்றைக்கும் வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் அது.

ஒரு வேட்டு, இரண்டு வேட்டு

கொடவர் வாழ்க்கையில் துப்பாக்கி வெறும் பாதுகாப்புக் கருவி இல்லை. பிறப்பில் தொடங்கி இறப்பு வரை கூடவே வருகிறது.

ஆண் குழந்தை பிறந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு. ஆமணக்குத் தண்டில் சின்னதாக வில் செய்து, குழந்தையின் பிஞ்சுக் கையில் வைப்பதும் உண்டு. வீட்டில் யாராவது இறந்துவிட்டால் இரண்டு வேட்டு. நவம்பர், டிசம்பரில் வரும் 'புத்தரி' அறுவடைத் திருநாளில், முதல் கதிரை அறுக்கும்போதும் வேட்டு வெடிக்கும்.

இதில் ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. குடகில் வீடுகள் தெரு தெருவாக ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஒன்று, மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். போன் இல்லாத காலத்தில் ஒரு வீட்டுச் சேதி அடுத்த வீட்டுக்குப் போக வேட்டுச் சத்தம்தான் வழி. இரண்டு வேட்டு கேட்டால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அக்கம்பக்கத்தார் கிளம்பிவிடுவார்கள். சுடத் தெரிந்த ஊரில், சுடுகிற சத்தத்துக்கு அர்த்தமும் இருந்தது.

வேட்டையும் இருந்தது. புலியைக் கொன்றவரை மாப்பிள்ளை மாதிரி அலங்கரித்து உட்காரவைத்து 'நரி மங்கல' என்று ஒரு சடங்கே நடத்தினார்கள். நரி என்றால் கொடவ மொழியில் புலி! தமிழர் காதுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்த மாப்பிள்ளை மரியாதைக்கு வேலை இல்லாமல் போனது. இப்போது கைல்போத் அன்று உயரமான மரத்தின் உச்சியில் தேங்காயைக் கட்டிவிட்டு, கீழிருந்து குறிபார்த்துச் சுடுகிறார்கள். போட்டியில் பெண்களும் தோளில் துப்பாக்கியைச் சாய்த்து நிற்கிறார்கள். தேங்காய் சிதறினால் கைதட்டல். அப்புறம் வீட்டுக்குப் போய்க் கடம்புட்டும் பன்றிக்கறியும்.

உரிமையா, அனுமதியா?

துப்பாக்கி விஷயத்தில் உலகத்தில் இரண்டு வழிகள் உண்டு. அமெரிக்காவில் அது உரிமை. 1791-ல் சேர்த்த இரண்டாவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். இந்தியாவில் அது அனுமதி. அரசு கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இந்தியாவும் ஒரு காலத்தில் முதல் வழியை யோசித்தது. ஆயுதங்களைப் பறித்த பிரிட்டிஷ் சட்டத்தின் மீது சுதந்திரப் போராட்டக்காரர்களுக்குக் கடும் கோபம். 1931-ல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. ஆனால் 1948 டிசம்பரில் எச்.வி.காமத் அதை அரசியல் சட்டத்தில் சேர்க்கச் சொல்லி அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. திருத்தம் தோற்றது. பிரிவினைக் கலவரத்தின் ரத்தம் காயாத நேரம் அது.

குடகுக்காரர்களிடம் இருப்பது உரிமையும் இல்லை, வழக்கமான அனுமதியும் இல்லை. மூன்றாவதாக ஒன்று: விலக்கு. ஆயுதச் சட்டத்தின் 41-வது பிரிவின்படி மத்திய அரசு தருவது. தந்தவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும்.

அந்த விலக்கைக் கேள்வி கேட்டு கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தது. ஒரு இனத்தில் பிறந்தார் என்பதற்காகவும், ஒரு வகை நிலம் வைத்திருக்கிறார் என்பதற்காகவும் ஒருவருக்குத் தனிச் சலுகை தரலாமா? எல்லோரும் சமம் என்கிற அரசியல் சட்டத்துக்கு இது ஒத்துவருமா? ஒதுக்கித் தள்ள முடியாத கேள்விதான். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2019 அக்டோபரில் மத்திய அரசு விலக்கை 10 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. சுதந்திரத்துக்கு முன்பிருந்தே போர்க்குடியாக வாழ்ந்த சமூகம் இது; விலக்கும் நிரந்தரம் இல்லை, நிபந்தனைகளோடு 10 ஆண்டுகளுக்குத்தான் என்பது நீதிபதிகள் சொன்ன காரணம்.

அந்த 10 ஆண்டு முடியும் தேதி 2029 அக்டோபர் 31.

பூட்டி வைத்த மாதங்கள்

தேதி நெருங்க நெருங்க வாதம் சூடு பிடிக்கும். 'இது எங்கள் பண்பாடு' என்பார்கள் ஒரு பக்கம். 'காலம் மாறிவிட்டது' என்பார்கள் மறுபக்கம். இரண்டு பக்கமும் கவனிக்காமல் விடக்கூடிய ஒன்று, கைல்போத் பண்டிகையின் உள்ளேயே இருக்கிறது.

அந்தப் பண்டிகை ஏன் செப்டம்பரில் வருகிறது? நாற்று நடவு தொடங்கும்போது, வீட்டில் இருக்கிற ஆயுதங்களை எல்லாம் பூஜை அறையில் கொண்டுபோய் வைத்துவிடுவது பழைய முறை. அந்த அறைக்குக் 'கன்னிக்கொம்பரே' என்று பெயர். நடவு முடிகிற வரை யாரும் அதைத் தொடக் கூடாது, வேட்டைக்குப் போகக் கூடாது. வேலை முடிந்தபின் பூஜை போட்டு வெளியே எடுக்கும் நாள்தான் கைல்போத். அதாவது, துப்பாக்கியைத் தூக்குகிற பண்டிகை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பது, பல வாரம் தூக்காமல் இருந்ததன் முடிவு.

துப்பாக்கி இருந்ததும் தனி ஆள் கையில் இல்லை. கொடவர்கள் 'ஒக்கா' என்கிற பெருங்குடும்பமாக வாழ்ந்தவர்கள். 'ஐன்மனே' என்று அழைக்கப்படும் பூர்வீக வீட்டில் அண்ணன், தம்பி, சித்தப்பா, பெரியப்பா என்று எல்லோரும் சேர்ந்திருந்தார்கள். யார் எடுக்கிறார், எதற்கு எடுக்கிறார், எப்போது திரும்ப வைக்கிறார் என்பதைப் பார்க்க வீட்டில் பத்து ஜோடிக் கண்கள் இருந்தன. குடித்துவிட்டுத் துப்பாக்கிப் பக்கம் போகிறவரைத் தடுக்க ஒரு பெரியவர் குரல் கொடுத்தால் போதும். எந்த லைசென்ஸ் அதிகாரியும் செய்ய முடியாத காவல் அது.

இன்றைக்கு அந்த வீடுகள் பலவும் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் பெங்களூருவிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். பண்டிகைக்கு வந்து, போட்டோ எடுத்துக்கொண்டு, மறுநாள் கிளம்பிவிடுகிறார்கள். சட்டம் தந்த விலக்கு அவர்களுக்கு அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. பத்து ஜோடிக் கண்கள் கூட வரவில்லை. காட்டுப்பன்றி என்று நினைத்து இருட்டில் ஆளைச் சுட்டுவிட்டார்கள் என்று மலைநாட்டிலிருந்து அவ்வப்போது செய்தி வருகிறது. சொத்துத் தகராறில் அண்ணன், தம்பிக்குள் துப்பாக்கி புகுந்துவிட்டால் அது எந்தப் பண்பாட்டுக் கணக்கிலும் வராது. விலக்கு லைசென்ஸுக்குத்தான்; குற்றத்துக்கு இல்லை.

2019 திருத்தத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. கல்யாணம், திருவிழா என்று கொண்டாட்டத்தில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வட மாநிலக் கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளை வீட்டார் சுட்டு, வேடிக்கை பார்த்தவர் செத்த கதைகள் எத்தனையோ. அவர்களும் 'எங்கள் வழக்கம்' என்றுதான் சொன்னார்கள். குடகின் வேட்டு அதிலிருந்து வேறுபட்டு நிற்பது துப்பாக்கியால் அல்ல, சுடுகிறவருக்கு இருந்த ஒழுங்கால். அந்த ஒழுங்கு இருக்கிற வரைக்கும்தான் விலக்கு கேட்பதற்கும் ஒரு நியாயம் இருக்கும்.

அதைப் புரிந்துகொண்ட வீடுகளும் இருக்கின்றன. அங்கே தேங்காய்ப் போட்டிக்கு முன்னால், சின்னவர்களுக்குக் குறிபார்ப்பதைவிட முதலில் சொல்லித் தருவது இதுதான்: குழல் யார் பக்கமும் திரும்பக் கூடாது. சுடும் வரை விரல் விசைக்கு வெளியே. காலியாக இருக்கிறது என்று அடுத்தவர் சொன்னாலும், திறந்து பார்க்காமல் நம்பக் கூடாது. உலகத்தில் எந்தத் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போனாலும் முதல் பாடம் இதுவேதான்.

தலைக்காவிரியில் பிறக்கிற ஆறு இறங்கி வருகிற தமிழ்நாட்டில், அந்தத் தோக் பூவை விவசாயிகள் வயலிலேயே பயிர் செய்கிறார்கள். திண்டுக்கல், கரூர், திருப்பூர்ப் பக்கம் அதற்குக் கண்வலிக்கிழங்கு என்று பெயர். பந்தலில் கொடியேற்றி, விதை எடுத்து, மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். விதையிலும் கிழங்கிலும் இருப்பது கோல்சிசின். அளவோடு கொடுத்தால் மூட்டு வாத வலிக்கு மருந்து. அளவு தப்பினால் உயிரைக் குடிக்கும் நஞ்சு. அந்தப் பயிரை வைத்திருக்கிற வீடுகளில், கிழங்கைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில்தான் வைப்பார்கள்.

குடகில் துப்பாக்கிக் குழலில் செருகுவதற்குப் பொருத்தமான பூவைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.