ஃபுல் காண்டாக்ட் கராத்தேவா? பிள்ளையைச் சேர்க்கும் முன் மாஸ்டரைப் பாருங்க



நம்ம கோயில் தொண்டர் குழுவில் இருக்கிற இரண்டு பெற்றோர் இந்த மாதம் ஒரே கேள்வியைக் கேட்டாங்க. "அண்ணே, பக்கத்துல கியோகுஷின் கிளாஸ் ஆரம்பிச்சிருக்காங்க. நெசமாவே அடிச்சுக்கிறாங்க. பையன அனுப்பலாமா? ரௌடி ஆயிட மாட்டானே?" தனித்தனியா பதில் சொல்றதுக்குப் பதிலா இங்கேயே எழுதிடறேன். நானும் சில வருஷம் அந்தப் பயிற்சியில் இருந்தவன்தான். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

என் கருத்து இதுதான்: அனுப்பலாம். ஆனா போர்டில் இருக்கிற பேரைப் பார்த்து அனுப்பாதீங்க. சொல்லிக்கொடுக்கிறவரைப் பார்த்து அனுப்புங்க.

முதல்ல இது என்னன்னு பார்ப்போம். இதை உருவாக்கியவர் மாஸ் ஓயாமா. கொரியாவில் பிறந்து ஜப்பானில் வாழ்ந்த கலைஞர். ஷோட்டோகான், கோஜு ரியூ இரண்டும் கற்றவர். 1964-இல் தோக்கியோவில் தன் அனைத்துலக அமைப்பைத் தொடங்கினார். கியோகுஷின் என்றால் 'இறுதி உண்மை' என்று பொருள். அடி உண்மையா விழுந்தால்தான் அது வேலை செய்யுமா இல்லையான்னு தெரியும் என்பது அவர் கொள்கை.

நம்ம பிள்ளைகள் பள்ளியில் புறப்பாட நடவடிக்கையா கத்துக்கிற கராத்தே பெரும்பாலும் புள்ளிக் கணக்கு. அடி கட்டுப்பாட்டோடு போகணும், பலமா விழுந்தா தண்டனை. கியோகுஷினில் அப்படி இல்ல. பெரிய ஆண்கள் போட்டியில் கையுறை கிடையாது, நெஞ்சுக்குக் கவசம் கிடையாது. எதிராளி விழுந்து மூணு வினாடிக்குள் எழுந்து நிற்காவிட்டால் 'இப்போன்', ஆட்டம் முடிஞ்சது. ஒரு முக்கியத் தடை மட்டும் உண்டு: கையாலும் முழங்கையாலும் முகத்தில் அடிக்கக் கூடாது. பிடிச்சு இழுக்கவும் கூடாது. ஆனா காலால் தலையை உதைக்கலாம். அதனால இரண்டு பேரும் ரொம்பக் கிட்ட நின்னு, நெஞ்சிலயும் வயித்திலயும் குத்தி, தொடையில் உதைச்சுக்கிட்டே இருப்பாங்க.

பார்க்க முரட்டுத்தனமாத்தான் இருக்கும். ஆனா உள்ளே போன பிள்ளை முதல்ல கத்துக்கிறது அடிக்கிறதை இல்ல, அடி வாங்கறதை. தொடையில் நாலு உதை வாங்கி, மறுநாள் படி ஏற முடியாம நொண்டினவனுக்கு ஒரு அடியோட எடை தெரியும். பத்துப் பேர் சேர்ந்து ஒருத்தனை மிதிக்கிற குண்டர் கும்பல் வீடியோக்கள் நம்ம வாட்ஸ்அப்புக்கே வருது. அதில வீரம் எங்க இருக்கு? இங்க ஒருத்தனுக்கு ஒருத்தன். ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் எதிராளிக்குத் தலை குனிஞ்சு வணக்கம் சொல்லணும். இந்தப் பழக்கம் படிவம் 2, படிவம் 3-இல் இருக்கிற பையனுக்கு வந்தா எவ்வளவு நல்லது!

இன்னொன்று. 'டோஜோ குன்' என்று ஏழு உறுதிமொழிகள் உண்டு. மரியாதை காப்பது, பெரியவர்களை மதிப்பது, வன்முறையைத் தவிர்ப்பது அதில் வரும். தெய்வத்தை மதிப்பதும் பணிவை மறக்காமல் இருப்பதும்கூட வரும். சண்டைக் கலைக்குள்ள பணிவை ஒரு பாடமா வெச்சிருக்காங்க பாருங்க.

இப்போ மறுபக்கம். இதையும் சொல்லாம விட்டா நியாயமில்ல.

அந்த வகுப்பில் எதுக்கும் 'ஓஸ்' என்றுதான் பதில். பொறுத்துக்கொள்வது என்ற பொருள் அதில் இருக்கு. நல்ல மாஸ்டர் கையில் அது மன உறுதி. தப்பான ஆள் கையில், "வலிக்குது மாஸ்டர்" என்று சொல்ல முடியாம பிள்ளையின் வாயை அடைக்கிற பூட்டு. ஓயாமா காளையோடு மோதிய கதையையும், ஒரே நாளில் 100 பேரோடு அடுத்தடுத்து மோதும் சோதனையையும் காட்டி விளம்பரம் பண்றாங்க. அந்த 100 பேர் சோதனையை ஸ்டீவ் ஆர்னில் 1965-இல் முடிச்சார், மட்சுய் 1986-இல் முடிச்சார். அவங்க பல வருஷம் பயிற்சி எடுத்த பெரியவங்க, தாங்களே விரும்பி இறங்கினவங்க. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அது அளவுகோல் ஆகாது.

பேரை மட்டும் நம்பவும் முடியாது. 1994-இல் ஓயாமா இறந்த பிறகு அமைப்பு பல துண்டா உடைஞ்சது. இன்னைக்குக் கியோகுஷின் பேரில் பல சங்கங்கள் இருக்கு. அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு முழு வகுப்பை உட்கார்ந்து பாருங்க:

1. பிள்ளைகளுக்குத் தலைக்கவசம், கால் கவசம், நெஞ்சுக் கவசம் போடறாங்களா?

2. யாரை யாரோடு மோத விடறாங்க? 25 கிலோ பிள்ளை எதிரே 40 கிலோ பிள்ளை நின்னா எழுந்து வந்துடுங்க.

3. ஒரு பிள்ளை அழுதா மாஸ்டர் என்ன செய்றார்? நிறுத்திப் பார்க்கிறாரா, எல்லாரும் சிரிக்க விடறாரா?

4. தலையில் அடிபட்டா என்ன ஏற்பாடு? தலைவலி, வாந்தி, தடுமாற்றம் இருந்தா உடனே மருத்துவமனை. டாக்டர் சரின்னு சொல்லும்வரை பயிற்சி கிடையாது. இதில் விட்டுக்கொடுக்காதீங்க.

5. கறுப்புப் பட்டைக்கு முன்னாடி 10 கியூ நிலைகள் இருக்கு. சீக்கிரமா கறுப்புப் பட்டை வாங்கித் தர்றேன்னு சொன்னா, அவங்க விற்கிறது பட்டையை மட்டும்தான்.

பெண் பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போங்க, "அது பசங்க விளையாட்டு" என்று சொல்லாதீங்க. ஆனா ஒன்று: இதைக் கத்துக்கிட்டா தெருவில் யாரையும் சமாளிச்சுடலாம் என்ற நம்பிக்கையைப் பிள்ளைக்குக் கொடுக்காதீங்க. முகத்தில் குத்து இல்லாத பயிற்சியில் முகத்தைக் காக்கும் பழக்கம் குறைவாத்தான் வரும். ஆபத்து வந்தா ஓடிடணும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க.

உங்க பிள்ளைகள் ஏற்கெனவே போயிட்டு இருந்தா, அனுபவத்தைக் கீழே எழுதுங்க. வேற கருத்து இருந்தாலும் தாராளமா சொல்லுங்க, மரியாதையோடு பேசுவோம். பள்ளி விடுமுறைக்குள் முடிவெடுக்க நினைக்கிற பெற்றோருக்கு இதைப் பகிர்ந்து விடுங்க.