மிஸ்டர் ஸ்பானிஷின் இறுதி ஊர்வலம்

1954-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், மார்ஃபா என்கிற சின்ன ஊரில் ஒரு சாவு. காலமானவர் பெயர் மிஸ்டர் ஸ்பானிஷ். அந்த வட்டாரத்தில் இங்கிலீஷுக்கே மூத்தவர்.

அங்கே ப்ளாக்வெல் ஸ்கூல் என்று ஒன்று இருந்தது. மெக்ஸிக வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கி வைத்த பள்ளிக்கூடம். ஒருநாள், பிள்ளைகளிடம் துண்டுச் சீட்டு கொடுத்து ஸ்பானிஷ் வார்த்தைகளை எழுதச் சொன்னார்கள். சீட்டுகளைப் பெட்டியில் போட்டு, கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். இனி ஸ்கூலில் ஸ்பானிஷ் கிடையாது என்பதற்கான சடங்கு. மீறிப் பேசினால் அடி.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்குப் போன பையனை 'சாப்பிட வாடா' என்று அவன் அம்மா எந்த பாஷையில் கூப்பிட்டிருப்பாள்? காலையில் புதைத்த பாஷையில்தானே!

(2007-ல் பழைய மாணவர்கள் ஒன்றுகூடி, ஒரு ஸ்பானிஷ் அகராதியைத் தோண்டி எடுத்து மிஸ்டர் ஸ்பானிஷுக்கு மறுபிறவி கொடுத்தார்கள். 2024 முதல் அந்தப் பள்ளிக்கூடம் தேசிய வரலாற்றுச் சின்னம்.)

புதைத்து ஒன்பதே வருஷம். 1963-ல் ஃப்ளோரிடாவின் மயாமியில், கோரல் வே என்ற அரசாங்கப் பள்ளியில் காற்று எதிர்த்திசையில் அடித்தது. கியூபாவில் 1959-ல் காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடித்ததும் ஏகப்பட்ட பேர் மயாமிக்கு ஓடி வந்திருந்தார்கள். டாக்டர், வக்கீல், வாத்தியார் எல்லாம் உண்டு. 'சீக்கிரமே ஊருக்குத் திரும்பிடுவோம், பசங்க ஸ்பானிஷை மறந்துடக் கூடாது' என்பது அவர்கள் கணக்கு. ஃபோர்டு ஃபவுண்டேஷன் பணம் கொடுத்தது. பாதி நாள் இங்கிலீஷில் பாடம், பாதி நாள் ஸ்பானிஷில் பாடம். கியூபாப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அமெரிக்கப் பிள்ளைகளுக்கும்!

இதுதான் இப்போது அமெரிக்கா பூராவும் 'இருமொழி வகுப்பு' என்று பரவியிருக்கிறது.

பி.காம். படித்த பாவத்துக்கு எனக்கு இது டபுள் என்ட்ரி மாதிரிதான் தெரிகிறது. மார்ஃபாவில் நடந்தது சிங்கிள் என்ட்ரி. 'இங்கிலீஷ் வரவு' என்று எழுதினார்கள். எதைச் செலவழித்து வந்த வரவு என்று எழுதவில்லை.

வகுப்பு நடக்கும் விதம் சுவாரஸ்யமானது. முறைப்படி நடந்தால், பாதிப் பிள்ளைகள் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், மீதிப் பாதி இங்கிலீஷ். சில பள்ளிகளில் ஆரம்பத்திலிருந்தே சரிபாதி. சில இடங்களில் '90-க்கு 10'. அதாவது, கிண்டர்கார்டனில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஸ்பானிஷ். வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்து, நாலாவது ஐந்தாவதில் பாதிக்குப் பாதி. கணக்கு, சயின்ஸ் உள்பட எல்லாம் அந்தந்த பாஷையில்தான். ஸ்பானிஷ் நேரத்தில் டீச்சர் இங்கிலீஷில் விளக்கம் சொல்ல மாட்டார். படம் காட்டுவார், கையை ஆட்டுவார், தேவைப்பட்டால் நடித்தே காட்டுவார். மொழிபெயர்த்துச் சொன்னால் என்ன ஆகும்? சப்-டைட்டில் ஓடுகிற படத்தில் வசனத்தை யார் சார் கேட்கிறார்கள்?

அதனால் ஸ்பானிஷ் நேரத்தில் ஜான், பக்கத்து சீட் மரியாவின் தயவில் பிழைக்கிறான். இங்கிலீஷ் நேரத்தில் மரியா, ஜானின் தயவில். ஒருத்தர் தயவு ஒருத்தருக்குத் தேவைப்படுகிற இடத்தில், யாரும் யாரையும் ரொம்ப நேரம் இளக்காரமாகப் பார்க்க முடியாது.

'இதெல்லாம் சரி, இங்கிலீஷ் கெட்டுப் போயிடாதா?' எந்த ஊர் அப்பாவும் கேட்கிற கேள்வி. ஆரம்ப வகுப்புகளில் கொஞ்சம் பின்தங்கத்தான் செய்யும். பொறுமை வேண்டும். ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாண்டில் இந்த வகுப்புக்குக் குலுக்கல் முறையில் இடம் கொடுத்தார்கள். குலுக்கலில் ஜெயித்த பிள்ளைகளையும் தோற்ற பிள்ளைகளையும் ஆராய்ச்சிக்காரர்கள் ஒப்பிட்டார்கள். 2017-ல் முடிவு வெளியானது. ஜெயித்தவர்கள் இங்கிலீஷ் வாசிப்பில் ஐந்தாம் வகுப்பில் சுமார் 7 மாதப் பாடம், எட்டாம் வகுப்பில் 9 மாதப் பாடம் முன்னால் இருந்தார்கள். இங்கிலீஷில், சார்!

ஆனால் ஓட்டுப் போடுகிறவர்கள் ஐந்தாம் வகுப்பு வரை காத்திருப்பார்களா? கலிஃபோர்னியாவில் 1998-ல் 61 சதவிகிதம் பேர் 'இங்கிலீஷில் மட்டுமே சொல்லிக்கொடு' என்று ஓட்டுப் போட்டார்கள். வேறு விதமாக வேண்டுமென்றால் பெற்றோர் விலக்குக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். 18 வருஷம் கழித்து, 2016-ல், அதே கலிஃபோர்னியாவில் 73 சதவிகிதம் பேர் 'அது வேண்டாம், இருமொழியே வரட்டும்' என்றார்கள். நடுவில் ஒரு தலைமுறை ஒன்றாம் க்ளாஸ் சேர்ந்து, ஸ்கூலையே முடித்துவிட்டுப் போயிருந்தது.

இப்போது பிரச்னை தலைகீழ். இங்கிலீஷ் வீடுகள் இந்த வகுப்புக்குப் போட்டி போடுகின்றன. வெயிட்டிங் லிஸ்ட், குலுக்கல் எல்லாம் உண்டு. சில நகரங்களில் வாடகை ஏறி, ஸ்பானிஷ் குடும்பங்கள் பேட்டையை விட்டே போகின்றன. ஜான்கள் வரிசையில் நிற்கிறார்கள்; மரியாவைக் காணோம்.

மரியா இங்கிலீஷ் கற்றுக்கொண்டால், 'பின்னே, கத்துக்க வேண்டியதுதானே?' ஜான் நாலு வார்த்தை ஸ்பானிஷ் பேசிவிட்டால், 'அடடா, என்ன மூளை!' ஒரே பாஷை, ஒரு வாயில் குறை, இன்னொரு வாயில் நகை. அந்த வகுப்பில் பாதி நாளாவது, 'இது எங்கம்மா பேசுற பாஷை' என்று மரியா நிமிர்ந்து உட்கார முடிகிறது. எனக்கென்னவோ 9 மாதப் பாடத்தைவிட அதுதான் பெரிய லாபமாகப் படுகிறது. அவள் சீட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், வகுப்பு நடக்கும், அர்த்தம் இருக்காது.

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருத்தன் லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறான். மகளை இந்த வகுப்பில்தான் சேர்த்திருக்கிறான். போனில் பெருமை தாங்கவில்லை. "ஸ்பானிஷ் பொளந்து கட்டறாடா!"

"தமிழ்?"

"புரியும்... பேச மாட்டா."

"ஊர்லேர்ந்து உங்கம்மா போன் பண்ணினா?"

"நடுவுல நான்தான்டா துபாஷி!"