தோள்சீலையும் விசுவாசத்தின் துணிவும்

சமய நம்பிக்கை ஒடுக்கப்பட்டோருக்கு ஆறுதலை மட்டுமே தரும் என்னும் கருத்து கல்விப்புலத்தில் வேரூன்றியுள்ளது. தென் திருவிதாங்கூர் நாடார் பெண்களின் தோள்சீலைப் போராட்டம் அதை மறுக்கிறது.

மேலாடை உயர்சாதியாரின் உரிமையாகக் கருதப்பட்ட நாட்டில், மனிதர் அனைவரும் இறைச்சாயல் கொண்டவர் என்னும் கிறித்தவப் போதனை, பெண்கள் தம் உடலை மதிப்புடன் நோக்கக் கற்பித்தது. குப்பாயம் அணிந்து வெளியே சென்றோர் தாக்கப்பட்டனர், ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1829ஆம் ஆண்டு அரசாணை கிறித்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்து, தோள்சீலையை மறுத்தது. 1858ஆம் ஆண்டின் இறுதியில் வன்முறை மீண்டும் மூண்டது. 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் வெளியிட்ட பிரகடனமும் முழு உரிமை வழங்கவில்லை. நாடார் பெண்கள் யாவரும் மேலாடை அணியலாம். உயர்சாதிப் பெண்களைப் போல அணியலாகாது என்றே அது கூறியது.

சென்னை ஆளுநரின் அழுத்தமும் மிஷனரிகளின் மனுக்களும் இதில் பங்காற்றின என்பது உண்மை. ஆயினும் அடிபடுவோம் என்றறிந்தே தெருவில் இறங்கியவர்கள் அப்பெண்கள். முழு வெற்றி கிட்டாத முப்பதாண்டுகளிலும் அவர்கள் தளராது நின்றமைக்கு விசுவாசத்தைத் தவிர்த்துக் காரணம் கூறும் ஆய்வு முழுமையாகாது.