தாய்ப்பால்: யாருக்கு விடுப்பு?

தாய்ப்பால் கொள்கைகளை நாடுவாரியாக எடைபோடும் பன்னாட்டு மதிப்பீட்டில் 2018இல் இந்தியா வாங்கியது 100க்கு 45. இலங்கை பின்னர் 90ஐத் தாண்டிவிட்டது. நம்மிடம் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. பால் பவுடருக்கும் புட்டிக்கும் விளம்பரம் கூடாது என்று 1992இலேயே சொன்னோம். 2003இல் அதை இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுகளுக்கும் விரித்தோம்.

தமிழ்நாட்டின் நிலைதான் விசித்திரம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே நூற்றுக்கு 99 பேருக்கு மேல் மருத்துவமனையில்தான் பிரசவம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் குடித்த குழந்தைகளோ 60 சதவீதம்தான். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் பெறுவோர் 55 சதவீதம். தேசிய சராசரி ஏறத்தாழ 64. சீமந்தம் முதல் தடுப்பூசிவரை கணக்கு வைத்திருக்கும் மாநிலம் இதில் மட்டும் பின்தங்குவானேன்? ஒரு காரணம் கத்தி. மாநிலத்தில் சிசேரியன் 45 சதவீதம், தனியார் மருத்துவமனைகளில் 64. மயக்கம் தெளியாத தாய் ஓரிடம், பிள்ளை ஓரிடம். மறுநாள் யாராவது ஒருவர் ‘பால் பத்தலை’ என்பார். டப்பா வீட்டுக்கு வந்துவிடும். அப்போது கட்டிலருகே நின்று பிள்ளையைப் பிடிக்கச் சொல்லித்தர ஒரு செவிலியர் போதும்.

இன்னொரு காரணம் சம்பளம். மாநில அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு. தனியாரில் 2017 திருத்தம் முதல் 26 வாரம், 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம். ஈஎஸ்ஐ காப்பீட்டு வரம்புக்கு வெளியே இந்தச் செலவு முழுதும் முதலாளியின் தலையில். பெண்ணை வேலைக்கு எடுக்க அவர் தயங்கினால் வியப்பில்லை. அந்தப் பாரத்தைப் பொது நிதிக்கு மாற்றாதது சட்டத்தின் குறைதான்.

தியாகராய நகர் ஜவுளிக்கடைகளில் இந்தச் சட்டத்துக்குப் பெரும்பாலும் வேலையே வருவதில்லை. அங்கே புடவை விரிக்கும் பெண்களில் பலர் தென்மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்குபவர்கள். கல்யாணத்தோடு வேலையும் முடிந்துவிடும். (அவர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்பதற்கே 2021இல் தனியாகச் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது.) மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டு வேலை செய்பவர்களுக்கு எந்த வாரக்கணக்கும் கிடையாது. மூன்று வீடு பார்க்கிறவர் இரண்டு மாதம் வராவிட்டால், அந்த மூன்று வீட்டுக்கும் வேறு ஆள் வந்திருப்பார். 2015இல் பேருந்து நிலையங்களில் திறந்த பாலூட்டும் அறைகள் பயணிக்கு உதவும். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவந்து பாத்திரம் துலக்குகிறவருக்கு அவற்றால் என்ன பயன்?

இவர்களுக்குக் கையிலிருக்கும் முக்கியக் கருவி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். அடையாறில் அவ்வை இல்லத்தை வளர்த்தவரின் பெயரில் தரும் 18,000 ரூபாயில் ரொக்கம் 14,000. மற்றது ஊட்டச்சத்துப் பெட்டகம். ரொக்கத்தை ஆறு மாதத்துக்கு வகுத்தால் மாதம் 2,300 சொச்சம். சென்னையில் ஒண்டுக் குடித்தன வாடகைக்கே அது காணாது. அரசு தன் ஊழியருக்கு ஓராண்டுச் சம்பளத்தைத் தாய்ப்பாலின் பேரில் கொடுக்கத் தயாராக இருக்கிறது. வீட்டு வேலைக்காரருக்கு ஆறு மாதக் குறைந்தபட்சக் கூலியை, பிரசவமான மாதத்திலிருந்து மாதாமாதம், அவர் வங்கிக் கணக்கில் போடட்டும். அடுத்த குடும்பநல ஆய்வில் அந்த 55 என்னவாகிறது என்று பார்ப்போம்.