குற்றவாளி டைனமோ அல்ல

பழைய வண்டியின் ஹெட்லைட் மங்கலாக எரிகிறது, காலையில் செல்ஃப் எடுக்கத் திணறுகிறது என்று காஞ்சிபுரம் வட்டாரத்தில் எந்தப் பட்டறையில் போய்ச் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும். "அந்த டைனமோவைத் தூக்கிப் போடுங்க சார். மாருதி ஆல்டர்னேட்டர் ஒண்ணு மாட்டிட்டா எல்லாம் சரியாயிடும்." கூரத்திலும் சுற்றுப்பக்க ஊர்களிலும் அம்பாசிடரையோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டையோ இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். பணம் கட்டி மாட்டுகிறார்கள். சில மாதம் கழித்து விளக்கு மறுபடி மங்குகிறது. அத்தோடு மனம் வெறுத்து வண்டியை ஓரங்கட்டியவர்களை எனக்குத் தெரியும். அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

டைனமோவுக்குச் சக்தி போதாது என்பது அவர்களின் முதல் வாதம். இங்கே ஓடிய பழைய கார்களின் மின்கருவிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் லூகாஸ் வழிவந்தவை. 1961இல் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கிய பிறகு சென்னை பாடியிலேயே அவை உருவாயின. அந்தக் காலத்து லூகாஸ் சி40 டைனமோ 22 ஆம்பியர் தரும். வண்டிக்கு எவ்வளவு தேவை என்று கூட்டிப் பார்ப்போம். 45 வாட் ஹெட்லைட் இரண்டு, சின்ன விளக்குகள் எல்லாம் சேர்ந்து 20 வாட்: ஏறத்தாழ 9 ஆம்பியர். இக்னிஷன் காயிலுக்கு 4, வைப்பர் ஓடினால் இன்னொரு 3. மழை பெய்யும் இரவில்கூட மொத்தம் 16 ஆம்பியர்தான். வண்டி சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது 22 ஆம்பியர் டைனமோ இதைக் கொடுத்துவிட்டு பேட்டரிக்கும் மீதம் வைக்கும்.

ஐடிலில் நிற்கும்போது டைனமோ சார்ஜ் செய்யாது, ஆல்டர்னேட்டர் செய்யும். இந்த உண்மையை நான் மறுக்கவில்லை. தினமும் இரவில் நெரிசலில் ஓட்டுபவருக்கும், ஏசியோ மின்விசிறியோ வைத்தவருக்கும் ஆல்டர்னேட்டர் அவசியம்தான். ஆனால் தை அஸ்தத்தன்று கூரத்தாழ்வான் சந்நிதிக்கு வந்துவிட்டு இரவு சென்னைக்குத் திரும்பும் பழைய ஹெரால்டு, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போதும் விளக்கு மங்கலாக எரிந்தால், அதற்கு டைனமோவைக் குற்றம் சொல்ல முடியாது. எஞ்சினை வேகமாக ஓடவிட்டு டைனமோவில் எவ்வளவு வோல்ட், ஹெட்லைட் பல்பின் முனையில் எவ்வளவு வோல்ட் என்று அளந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவே காணாமல் போகும் வோல்ட்தான் நோய். பல்புக்குப் போகும் மின்னழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். 13.2 வோல்ட்டில் எரிய வேண்டிய பல்பு 11 வோல்ட்டில் எரிந்தால், எதிரே வரும் மாட்டுவண்டி கண்ணில் படாது.

பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டினால் அதிக மின்சாரம் பேட்டரிக்குப் போய்ச் சேரும் என்பது அடுத்த நம்பிக்கை. எந்த வயர் வழியாகப் போகும்? இதை யாரும் கேட்பதில்லை. டைனமோ காலத்து பிரவுன் நிற சார்ஜிங் வயர் 2, 3 ஸ்கொயர் எம்எம் தடிமன்தான் இருக்கும். அது டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டிக்குப் போய், ஆம்மீட்டர் இருந்தால் டேஷ்போர்டுவரை ஏறி இறங்கி, செல்ஃப் சுவிட்சுக்கு வந்து, பிறகுதான் பேட்டரியைத் தொடும். மொத்தம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் 15 ஆம்பியர் போனால் இழப்பு கால் வோல்ட். அதே வயரில் ஆல்டர்னேட்டரின் 40 ஆம்பியரை அனுப்பினால் 0.7 வோல்ட், அதுவும் இணைப்புகளில் போவதைச் சேர்க்காமல். ஆல்டர்னேட்டருக்குள்ளேயே இருக்கும் ரெகுலேட்டர் தன் முனையில் 14.2 வோல்ட் இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடும். பேட்டரிக்குக் கிடைப்பது 13.5. அந்த நிலையில் அது முழுதாக நிரம்பாது.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது அந்த இழப்பு சூடாக மாறுவது. 40 ஆம்பியரில் அந்த வயர் 27 வாட் சூட்டைக் கக்கும். அறுபது வயதான இன்சுலேஷன், மற்ற வயர்களோடு சேர்த்து டேப் சுற்றிய கட்டு, பின்னால் பெட்ரோல் பைப். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பில் இந்த பிரவுன் வயருக்கு ஃபியூஸே கிடையாது. 30 ஆம்பியர் ஆம்மீட்டர் உள்ள வண்டியில் 40 ஆம்பியரைச் செலுத்துவது டேஷ்போர்டுக்குப் பின்னால் நெருப்பை வைப்பதற்குச் சமம். ஆல்டர்னேட்டரை விற்பவர் இந்த எச்சரிக்கையைச் சொல்லாமல் விடுவது எனக்குக் கோபத்தையே தருகிறது.

சரியான வழி கடினமானதும் அல்ல. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியின் பிளஸ் முனைக்கு அல்லது செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கு நேராக ஒரு 10 ஸ்கொயர் எம்எம் வயர், பேட்டரிப் பக்கத்தில் அதற்கு ஒரு ஃபியூஸ். ஒன்றரை மீட்டரில் முடிந்துவிடும். 40 ஆம்பியரிலும் இழப்பு 0.1 வோல்ட்தான். வண்டி பாசிட்டிவ் எர்த்தாக, அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்ததாக இருந்தால், ஆல்டர்னேட்டரைத் தொடும் முன் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியாக வேண்டும். காயில் இணைப்பு, ஆம்மீட்டர் இணைப்பு, ரேடியோ எல்லாவற்றையும் அப்போது பார்க்க வேண்டும். மறந்து பழைய முறைப்படியே பேட்டரியை மாட்டினால் டயோடுகள் அந்த நொடியே போய்விடும். ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "வண்டி நிக்கல, அப்போ சார்ஜ் ஆகுது" என்று சோதிக்கும் டைனமோ காலத்துப் பழக்கமும் ஆல்டர்னேட்டருக்கு எமன்.

எல்லாவற்றையும்விட ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை எர்த்தைப் பற்றியது. "பாடி முழுக்க இரும்பு சார், அதுவே எர்த், அதுக்குத் தனியா வயர் எதுக்கு?" என்பார்கள். நம் வண்டிகளைக் கொன்றதில் இந்த வாக்கியத்துக்கே முதல் பங்கு. பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் புறப்படுகிறதோ அவ்வளவும் திரும்பி வந்தாக வேண்டும். போகும் பாதையில் நாம் காட்டும் அக்கறையில் நூறில் ஒரு பங்கைக்கூட வரும் பாதையில் காட்டுவதில்லை.

ஹெரால்டையே எடுத்துக்கொள்வோம். 1960களின் தொடக்கத்திலிருந்து வண்டலூரில், ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் உருவான நம்மூர்க் கார் அது. இத்தாலியின் மிக்கெலோட்டி வரைந்த உடல். தனிச் சேஸிஸ்மேல் போல்ட் போட்டு இறுக்கிய பாகங்கள். சேஸிசுக்கும் பாடிக்கும் நடுவே பொதிவு அட்டைகள். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. பானெட்டும் இரு மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். ஹெட்லைட்டுகள் அந்தத் துண்டிலேயே இருக்கின்றன. இரும்பு என்று பார்த்தால் ஒரே வண்டி, மின்சாரத்தின் கணக்கில் அது ஒன்றுக்கொன்று சரியாகத் தொடாத நாலைந்து தீவுகள். அவற்றை இணைக்கும் பாலம் எஞ்சினின் செம்புப் பின்னல் பட்டையும், விளக்குகளின் கருப்பு எர்த் வயரும்தான். அந்தக் கருப்பு வயர் பானெட் திறக்கும்போதெல்லாம் மடங்கி மடங்கி உள்ளே இழை இழையாக அறுகிறது. அறுந்த பிறகு ஹெட்லைட்டின் மின்சாரம் துருப்பிடித்த கீல் வழியாகத் தடுமாறித் திரும்ப வேண்டியிருக்கிறது. மறுசீரமைப்பு என்ற பெயரில் பட்டறைகள் செய்வது இன்னும் மோசம்: எர்த் போல்ட் உட்காரும் இடத்தையும் விடாமல் பளபளவென்று பெயின்ட் அடித்து, அதன்மேலேயே போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது.

அம்பாசிடரிலும் எஞ்சின் ரப்பரில்தான் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான பட்டை அறுந்தால் என்ன ஆகும்? செல்ஃப் இழுக்கும் 200 ஆம்பியர் கிடைத்த வழியில் திரும்பும். சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் என்று எஞ்சினையும் பாடியையும் தொடும் மெல்லிய கம்பி எதுவோ அதன் வழியாக. கேபிள் சூடேறி உறை உருகி இறுகிப் போகும். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்கள், குறை ஒரு செம்புப் பட்டையில் இருக்கும். அதேபோல் பிரேக்கை அழுத்தும்போது இண்டிகேட்டர் மினுக்குவது, பின் விளக்கு ஒன்று எரிந்து ஒன்று அணைவது எல்லாமே எர்த் இல்லாத மின்சாரம் பக்கத்துப் பல்பின் இழை வழியாக வீடு திரும்பும் அடையாளங்கள். ஆல்டர்னேட்டர் மாட்டி இவற்றில் ஒன்றைக்கூடத் தீர்க்க முடியாது.

கூரத்தில் கிடைத்த பரமேசுவரவர்மப் பல்லவனின் செப்பேட்டை ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்குப் பிறகும் படிக்க முடிகிறது. செம்பு அவ்வளவு நாள் தாங்கும் உலோகம். ஆனால் செப்பேடு தகடு, வயரில் இருப்பது மயிரிழை. வடகிழக்குப் பருவமழையில் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டியில், வயர் முனையின் லக்குக்குள் ஏறிய ஈரம் இழைகளை வெளியே தெரியாமல் பச்சையாக்கி அரித்துவிடும். இன்சுலேஷன் புதிதுபோலவே இருக்கும்.

சோதிப்பது எளிது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் பக்கத் தூணில் வையுங்கள், கிளாம்பில் அல்ல. மறுமுனையை எஞ்சின் பிளாக்கில், துரு சுரண்டிய இடத்தில். ஒருவர் செல்ஃபை இழுக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டுவிட்டது. 200 ஆம்பியர் ஓடும்போது ஒரு ஓமில் இருநூறில் ஒரு பங்கு தடையே ஒரு முழு வோல்ட்டைத் தின்றுவிடும். பிறகு ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, அதே தூணுக்கும் விளக்கின் எர்த் முனைக்கும் இடையே அளக்கலாம், 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இங்கேதான் டெஸ்ட் லேம்ப் வாதம் விழுகிறது. "லேம்ப் எரியுது சார், வயர் நல்லா இருக்கு" என்பார்கள். 5 வாட் லேம்ப் இழுப்பது 0.4 ஆம்பியர். ஒரே ஒரு இழை மீதமிருந்தாலும் அது எரியும். ஹெட்லைட்டின் 8 ஆம்பியர் அந்த இழையில் போகாது. சுமையோடு அளக்காத அளவு, அளவே அல்ல.

பெரிய பேட்டரி போட்டால் தீரும் என்பதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. பேட்டரி மின்சாரத்தைத் தயாரிப்பதில்லை. வாங்கியதைத்தான் திருப்பித் தருகிறது. பாதை கெட்டிருந்தால் பெரிய பேட்டரியும் பட்டினிதான் கிடக்கும், கொஞ்சம் தாமதமாக இறங்கும்.

கடைசி வாதம் எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது, மதிப்போடு பதில் சொல்ல வேண்டியது. "வயரிங்கைத் தொட்டால் வண்டியின் அசல் தன்மை போய்விடும், வின்டேஜ் பதிவும் கிடைக்காது" என்கிறார்கள் வண்டியை உயிராக நேசிக்கும் சிலர். 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த பிரிவு, 50 ஆண்டைத் தாண்டிய வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் செய்யும் மாற்றங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எர்த் பட்டையையோ சார்ஜிங் வயரையோ அது பெயர் சொல்லவில்லை. டைனமோவை வைத்துக்கொண்டே இதையெல்லாம் செய்யலாம் என்பதுதான் என் பேச்சின் சாரம். பழைய டைனமோவும் கட்-அவுட் பெட்டியும் தம் இடத்திலேயே இருக்கட்டும். எஞ்சினிலிருந்து சேஸிசுக்கும், சேஸிசிலிருந்து பாடிக்கும், பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கும் புதுப் பட்டைகள். போல்ட் உட்காரும் இடம் வெள்ளி நிறம் தெரியும்வரை சுரண்டல், பல் வாஷர், இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாஸ்லின். ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே. அவை வந்தால் பழைய டிப்பர் சுவிட்ச் வழியாக இனி ரிலேயை இயக்கும் சிறு மின்சாரம் மட்டுமே போகும், சுவிட்சும் இன்னும் பல காலம் உழைக்கும். லூகாஸ் நிற வரிசையிலேயே வயர் வாங்கினால் போதும்: பிரவுன் என்றால் பேட்டரி, வெள்ளை என்றால் இக்னிஷன், கருப்பு என்றால் எர்த். கண்ணாடி ஃபியூஸ் மாற்றும்போது ஒரு கவனம் வேண்டும். பழைய லூகாஸ் ஃபியூஸில் 35 என்று போட்டிருப்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இன்றைய 35 ஆம்பியர் ஃபியூஸை அங்கே செருகினால் வயர் உருகிய பிறகுதான் ஃபியூஸ் உருகும்.

இவ்வளவையும் செய்த பிறகு, பல்பின் முனையில் அளந்த வோல்ட் சரியாக இருந்தும் ஐடிலில் பேட்டரி இறங்குகிறது என்றால், தாராளமாக ஆல்டர்னேட்டர் மாட்டுங்கள். 10 ஸ்கொயர் எம்எம் வயரோடு, ஃபியூஸோடு மாட்டுங்கள். ஃபேன் பெல்ட்டையும் அன்றே புதிதாக்குங்கள். 45 ஆம்பியர் இழுக்கும்போது அந்தப் பெல்ட் ஒரு குதிரைத்திறனுக்கு மேல் சுமக்கிறது, வழுக்கினால் மறுபடி ஆல்டர்னேட்டர்மீதுதான் பழி விழும். எந்த வயர் எந்தத் தடிமன், ஃபியூஸ் எங்கே, எந்த போல்ட்டில் எர்த் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, வண்டியின் ஆர்சி புத்தகத்தோடு வையுங்கள். நாளைக்கு அந்தப் பானெட்டைத் திறக்கப்போகும் எலக்ட்ரீஷியன் அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும்.